கொடி மட்டும் திரும்பியது: ஜெர்மானிய தேசிய மக்கள் கட்சியின் கதை

இரண்டு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட ஜெர்மனியைப் பற்றி வாசிக்கும்போது நம் கவனம் இயல்பாகவே ஹிட்லரிடம் சென்று நிலைகொண்டுவிடுகிறது. அவருடைய எதிரிகளாகச் சமூக ஜனநாயகவாதிகளையும் கம்யூனிஸ்டுகளையும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் ஹிட்லருக்குப் பக்கத்து இருக்கையில் இன்னொரு கட்சி அமர்ந்திருந்ததைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஜெர்மானிய தேசிய மக்கள் கட்சி என்பது அதன் பெயர். 1924 டிசம்பர் தேர்தலில் நூறு வாக்காளர்களில் இருபது பேர் அதற்கு வாக்களித்தனர். அதே தேர்தலில் நாஜிகள் தம் கூட்டாளிகளோடு சேர்ந்து பெற்றது மூன்று விழுக்காடுதான். எட்டே ஆண்டுகளில் இந்தக் கணக்கு தலைகீழானது. எட்டரை ஆண்டுகளில் பெரிய கட்சி மறைந்தே போயிற்று.

இக்கட்சியின் வரலாறு நமக்கு முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் ஹிட்லர் பெரும்பான்மை பெற்றதில்லை. அவருடைய உச்சம் 1932 ஜூலையில் பெற்ற 37 விழுக்காடு. அந்த ஆண்டு நவம்பரில் அது 33 ஆகக் குறைந்தது. மீதியைக் கொடுத்து அவரை அதிபர் நாற்காலியில் அமர்த்தியவர்கள் வேறு சிலர். அவர்கள் நாஜிகள் அல்லர். தங்களை ஒழுங்கின், மரபின், மதத்தின் காவலர்களாக எண்ணியவர்கள். காவலர்கள் எப்படிக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதே இக்கட்டுரையில் நாம் பார்க்க முயல்வது.

கட்சியின் பெயரிலேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. ‘மக்கள் கட்சி’ என்று பெயர் சூட்டிக்கொண்டவர்கள் அதுவரை மக்களின் வாக்குரிமையைத் தடுத்து நின்றவர்கள். 1849 முதல் 1918 வரை பிரஷ்யாவில் மூன்று வகுப்பு வாக்குமுறை நடைமுறையில் இருந்தது. ஆண் வாக்காளர்கள் கட்டும் வரியின் அளவைக்கொண்டு மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வொரு வகுப்பும் சம எண்ணிக்கையில் தேர்வாளர்களை அனுப்பும். முதல் வகுப்பில் ஒருசில செல்வந்தர்கள். மூன்றாம் வகுப்பில் ஊரின் பெரும்பகுதி. எல்பே நதிக்குக் கிழக்கே பரந்த பண்ணைகளை வைத்திருந்த யுங்கர் என்னும் நிலப்பிரபுக்கள் இம்முறையின் தயவில்தான் பிரஷ்ய அரசியலை ஆண்டனர். அவர்களுடைய பழமைவாதக் கட்சி இந்த முறையைக் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை.

1918 நவம்பரில் எல்லாம் ஒரே வாரத்தில் சரிந்தது. கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் ஹாலந்துக்குத் தப்பினார். குடியரசு அறிவிக்கப்பட்டது. பெண்கள் உட்பட இருபது வயதான அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. நவம்பர் 24 அன்று பழைய வலதுசாரிக் குழுக்கள் பலவும் கூடி ஒரே கட்சியாகத் தம்மை அறிவித்துக்கொண்டன. பழமைவாதிகள், சுதந்திரப் பழமைவாதிகள், கிறிஸ்தவ சமூகக் குழுவினர், அகண்ட ஜெர்மனிக் கனவினர், யூத வெறுப்பையே அரசியலாகக் கொண்டவர்கள் ஆகியோர் ஒரே கூரைக்குக் கீழ் வந்தனர். பிரஷ்யாவின் முன்னாள் நிதியமைச்சர் ஆஸ்கர் ஹெர்க்ட் தலைவரானார். நிலப்பிரபுக்களோடு புராட்டஸ்டன்ட் போதகர்கள், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள், பேராசிரியர்கள், அரசு ஊழியர்கள், கனரகத் தொழிலதிபர்கள், அலுவலக எழுத்தர்களின் தொழிற்சங்கம், சிறு சேமிப்பாளர்கள் எனப் பலதரப்பட்டோர் அதில் இருந்தனர். அவர்களை இணைத்தது வேண்டாதவற்றின் பட்டியல் ஒன்றே. குடியரசு வேண்டாம், வெர்சாய் ஒப்பந்தம் வேண்டாம், கறுப்பு-சிவப்பு-பொன் நிறக் கொடி வேண்டாம். பேரரசின் கறுப்பு-வெள்ளை-சிவப்புக் கொடியே அவர்களுடைய அடையாளமாயிற்று.

1919 ஜனவரியில் நடந்த தேசிய அவைத் தேர்தலில் கட்சிக்கு 10.3 விழுக்காடும் 44 இடங்களும் கிடைத்தன. 1920 ஜூனில் இது 15.1 விழுக்காடாகவும் 71 இடங்களாகவும் உயர்ந்தது. இடையில் 1920 மார்ச்சில் வொல்ஃப்காங் காப் என்பவர் ராணுவப் பிரிவுகளின் துணையோடு பெர்லினைக் கைப்பற்றி ஒரு கவிழ்ப்பு முயற்சி நடத்தினார். அவர் இக்கட்சியின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். பொது வேலைநிறுத்தத்தின் முன் அம்முயற்சி சில நாட்களில் உதிர்ந்தது. கட்சித் தலைமை கவிழ்ப்பில் இறங்கவும் இல்லை, அதைத் திட்டவட்டமாகக் கண்டிக்கவும் இல்லை. ஒரு காலை நாடாளுமன்றத்திலும் மறு காலை அதற்கு வெளியிலும் வைத்து நிற்கும் இந்த இரட்டை நிலையைக் கட்சியின் வாழ்நாள் முழுவதும் நாம் காண்கிறோம்.

அந்த ஆண்டுகளில் கட்சியின் நாவாக விளங்கியவர் கார்ல் ஹெல்ஃபரிக். போர்க்கால நிதி நிர்வாகத்தில் இருந்த பொருளியலாளர். கூர்மையானவர், சொல்லால் காயப்படுத்தத் தெரிந்தவர். போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மத்தியாஸ் எர்ஸ்பெர்கரை அவர் குறிவைத்தார். ‘எர்ஸ்பெர்கரே வெளியேறு’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பிரசுரமே வெளியிட்டார். அவதூறு வழக்கில் ஹெல்ஃபரிக்குக் கிடைத்தது 300 மார்க் அபராதம் மட்டுமே. அவர் சுமத்திய குற்றச்சாட்டுகள் பலவற்றை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. எர்ஸ்பெர்கர் நிதியமைச்சர் பதவியைத் துறந்தார். 1921 ஆகஸ்ட் 26 அன்று கறுப்புக்காடு மலைப்பகுதியில் நடைக்குச் சென்றிருந்த அவரை இரகசியப் படைக்குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள் சுட்டுக்கொன்றனர்.

அடுத்த ஆண்டு இன்னொருவர். வால்டர் ராத்தெனாவ் யூதர், தொழிலதிபர், எழுத்தாளர், குடியரசின் வெளியுறவு அமைச்சர். 1922 ஜூன் 23 அன்று நாடாளுமன்றத்தில் ஹெல்ஃபரிக் அவருடைய கொள்கையைக் கடுமையாகத் தாக்கிப் பேசினார். மறுநாள் காலை திறந்த காரில் அலுவலகத்துக்குச் சென்றுகொண்டிருந்த ராத்தெனாவ் கொல்லப்பட்டார். கொலையாளிகளை ஹெல்ஃபரிக் ஏவவில்லை. ஆனால் ஒரு மனிதனைத் தேசத் துரோகி என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பவர், அச்சொல்லை வேறொருவர் செயலாக மாற்றும்போது கைகழுவிவிட முடியுமா? அவையில் பிரதமர் நிலையிலிருந்த யோசெஃப் விர்த் வலதுசாரி இருக்கைகளைச் சுட்டிக்காட்டி, மக்களின் காயத்தில் நஞ்சை ஊற்றும் எதிரி அங்கேதான் இருக்கிறான் என்றார். அந்தச் சுட்டுவிரலைக் கட்சி கடைசிவரை மன்னிக்கவில்லை.

ராத்தெனாவ் கொலைக்குப் பின் கட்சி தன்னிடமிருந்த தீவிர இனவாதிகளைச் சற்று விலக்கி நிறுத்தியது உண்மை. வுல்லெ, கிரேஃப, ஹென்னிங் ஆகியோர் 1922இல் பிரிந்து சென்று தனிக்கட்சி தொடங்கினர். ஆனால் யூத வெறுப்பு கட்சியை விட்டுப் போகவில்லை. பொதுவாழ்வில் யூதர் செல்வாக்கை எதிர்க்கும் வாசகம் 1920ஆம் ஆண்டுக் கட்சித் திட்டத்திலேயே இருந்தது. அன்னா ஃபான் கியெர்கவின் கதை இதற்கு நல்ல சான்று. குழந்தைகள் நலனுக்காக உழைத்த அவர் 1919இல் இக்கட்சியின் சார்பில் தேசிய அவைக்குத் தேர்வானவர். தந்தை ஓட்டோ ஃபான் கியெர்க ஜெர்மானியச் சட்டவியலின் பெரும் பெயர்களுள் ஒருவர், முழுமையான தேசியவாதி. தாய் யூதப் பின்னணி கொண்டவர் என்பதால் 1920இல் அன்னாவுக்கு மீண்டும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. தந்தையும் மகளும் கட்சியை விட்டு வெளியேறினர். ரத்தத்தைக் கணக்கிடும் பழக்கம் நாஜிகளோடு தொடங்கியதன்று என்பதை இந்தச் சிறு நிகழ்ச்சி காட்டுகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இக்கட்சியை நாஜிக் கட்சியின் முன்னோட்டம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. அதற்கு வேறொரு பாதையும் திறந்திருந்தது. அதில் சில அடிகள் அது நடந்தும் பார்த்தது.

1924இல் டாவ்ஸ் திட்டம் வந்தது. ஜெர்மனி கட்ட வேண்டிய போர் இழப்பீட்டை ஒழுங்குபடுத்தி, 800 மில்லியன் தங்க மார்க் கடனுக்கும் வழிசெய்த ஏற்பாடு அது. ஹெல்ஃபரிக் அதை இரண்டாம் வெர்சாய் என்று வருணித்தார். அவர் அந்த ஏப்ரலில் சுவிட்சர்லாந்தில் ரயில் விபத்தில் இறந்துவிட, அவருடைய சொல்லை வைத்தே கட்சி மே மாதத் தேர்தலைச் சந்தித்து 19.5 விழுக்காடு பெற்றது. ஆனால் கட்சியின் பின்னால் நின்ற தொழிலதிபர்களுக்கும் பண்ணையாளர்களுக்கும் அமெரிக்கக் கடன் தேவைப்பட்டது. திட்டத்தின் ஒரு பகுதியான ரயில்வே சட்டத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இக்கட்சியின் வாக்குகள் இல்லாமல் அது நிறைவேறாது. ஆகஸ்ட் 29 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 48 உறுப்பினர்கள் ஆதரித்தனர், 52 பேர் எதிர்த்தனர். சட்டம் நிறைவேறியது. ஒரு கட்சி ஏறத்தாழச் சரிபாதியாகப் பிளந்து நின்ற அந்த நாளில்தான் அதன் இரண்டு முகங்களும் ஒருசேர வெளிப்பட்டன. ஒரு பாதி தன் நலனை அறிந்தது; மறு பாதி தன் பேச்சை நம்பியது.

டிசம்பரில் மறுபடியும் தேர்தல் வந்தது. கட்சி 20.5 விழுக்காட்டோடு 103 இடங்களைப் பெற்றது. வாக்காளர்கள் அந்தச் சமரசத்தைத் தண்டிக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1925 ஜனவரியில் கட்சி முதன்முறையாகத் தான் வெறுத்த குடியரசின் அமைச்சரவையில் அமர்ந்தது. அக்டோபரில் லொகார்னோ ஒப்பந்தத்தை எதிர்த்து வெளியேறியது. 1927 ஜனவரியில் மீண்டும் நுழைந்தது. இம்முறை ஹெர்க்ட் நீதியமைச்சர். வேலையில்லாதோர் காப்பீட்டுச் சட்டம் என்னும் வைமார் காலத்தின் பெரிய சமூகச் சட்டம் அந்த 1927இல்தான், இக்கட்சி இடம்பெற்ற அரசால் நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு குடியரசுப் பாதுகாப்புச் சட்டத்தை நீட்டிக்கவும் கட்சி வாக்களித்தது. கைசர் நாடு திரும்புவதைத் தடுக்க இடமளித்த சட்டம் அது. மன்னராட்சியை மீட்பதாகச் சபதம் செய்த கட்சியே மன்னருக்கு எதிரான கதவைச் சாத்த உதவியது.

இதை நாம் கேலியாகச் சொல்லவில்லை. ஆட்சிப் பொறுப்பு மனிதர்களைப் பக்குவப்படுத்தும் என்பதற்கு இது அடையாளம். அக்காலத் தலைவர் கூனோ ஃபான் வெஸ்டார்ப் பழைய பிரஷ்யப் பிரபு. மன்னர் விசுவாசத்தில் ஊறியவர். அவரே கட்சியை மெல்ல மெல்ல இருக்கும் அரசியலமைப்புக்குள் இழுத்து வந்தார். இன்னும் பத்தாண்டு அவகாசம் கிடைத்திருந்தால் அது குடியரசுக்குள் வாழும் பழமைவாதக் கட்சியாக மாறியிருக்கக்கூடும். கிடைக்கவில்லை.

கிடைக்காததற்கு முதல் காரணம் பணம். 1923இன் பெரும் பணவீக்கத்தில் நடுத்தர வர்க்கத்தின் சேமிப்புகள் காகிதமாயின. போர்க்கடன் பத்திரம் வாங்கியவர்கள், வங்கியில் ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்துவைத்தவர்கள், அடமானத்தின் மீது கடன் கொடுத்தவர்கள் என அனைவரும் ஏமாந்தனர். 1924 பிப்ரவரியில் அரசு அடமானக் கடன்களுக்கு 15 விழுக்காடு மட்டும் மறுமதிப்பு அளித்தது. இக்கட்சி சேமிப்பாளர்களிடம் சென்று முழு நியாயம் வாங்கித் தருவோம் என்றது. அவர்கள் நம்பி வாக்களித்தனர். 1925இல் அரசில் இருந்துகொண்டு கட்சி ஆதரித்த சட்டம் தந்தது 25 விழுக்காடு. கடன்பட்டிருந்த பெரும் பண்ணையாளருக்கும் தொழிலதிபருக்கும் அதற்குமேல் கொடுக்க மனமில்லை. அவர்களும் சேமிப்பாளர்களும் ஒரே கட்சியில் இருந்தனர் என்பதுதான் சிக்கல். ஏமாந்த சேமிப்பாளர்கள் தமக்கெனத் தனிக்கட்சி தொடங்கினர். தானிய விலை வீழ்ச்சியில் தவித்த விவசாயிகளில் ஒரு பகுதியினரும் 1928இல் வேறு கட்சி அமைத்தனர். அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் தேசிய மக்கள் கட்சி 14.2 விழுக்காட்டுக்கும் 73 இடங்களுக்கும் இறங்கியது.

தோல்வியின் பொருள் என்ன என்பதில் கட்சிக்குள் இரண்டு வாசிப்புகள் எழுந்தன. எழுத்தர் சங்கத் தலைவர்களுள் ஒருவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான வால்ட்டர் லாம்பாக் 1928 ஜூனில் ஒரு கட்டுரை எழுதினார். இளைய தலைமுறைக்கு மன்னராட்சி என்பது உயிரற்ற நினைவாகிவிட்டது, கட்சி குடியரசுவாதிகளுக்கும் இடம்தர வேண்டும் என்பது அதன் சாரம். பெரும் கூச்சல் எழுந்தது. அவரை நீக்கினர், பின்னர் மேல்முறையீட்டில் சேர்த்துக்கொண்டனர். இரண்டாவது வாசிப்பு ஆல்ஃபிரட் ஹூகன்பெர்கினுடையது. நாம் தோற்றது சமரசம் செய்ததால்தான் என்றார் அவர். கட்சி பாறையாக இருக்க வேண்டுமா, கூழாக இருக்க வேண்டுமா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். 1928 அக்டோபர் 20 அன்று கட்சி அவரைத் தலைவராக்கியது. பாறையைத் தேர்ந்தெடுத்தது.

ஹூகன்பெர்க் மேடைப் பேச்சாளர் அல்லர். 1865இல் ஹானோவரில் பிறந்தவர். அகண்ட ஜெர்மானியச் சங்கத்தைத் தொடங்கியோருள் ஒருவர். 1909 முதல் 1918 வரை க்ரூப் ஆயுத நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர். அவருடைய பலம் பத்திரிகை. ஷெர்ல் பதிப்பகம், டெலிகிராஃபன் யூனியன் செய்தி நிறுவனம், மாகாண நாளிதழ்களுக்கு ஆயத்தச் செய்தி அச்சுகளை அனுப்பும் சேவை ஆகியவற்றின் மூலம் சிற்றூர் வாசகனின் காலைத் தாளில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவரால் தீர்மானிக்க முடிந்தது. 1927இல் கடனில் மூழ்கிய ஊஃபா திரைப்பட நிறுவனமும் அவர் கைக்கு வந்தது. இலக்கிய வாசகர்களுக்கு ஒரு முரண் சுவையூட்டும். குடியரசின் உறுதியான ஆதரவாளரான ஹைன்ரிஹ் மன்னின் நாவலைத் தழுவி 1930இல் வெளியான ‘நீல தேவதை’ படம் ஹூகன்பெர்கின் ஊஃபா தயாரித்ததே. கலையில் வணிகச் சமரசம் அவருக்குச் சாத்தியமாயிற்று. அரசியலில் ஆகவில்லை.

1929இல் இழப்பீட்டைத் திருத்தியமைக்கும் யங் திட்டம் வந்தபோது ஹூகன்பெர்க் அதற்கெதிராக ஒரு மக்கள் வாக்கெடுப்பைத் தூண்டினார். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அமைச்சர்களைத் தேசத் துரோகிகளாகச் சிறையிலிட வேண்டும் என்பது அவர் முன்வைத்த சட்டத்தின் நான்காம் பிரிவு. இந்தப் பிரசாரத்துக்கு அவர் சேர்த்துக்கொண்ட கூட்டாளிகளில் ஒருவர் ஹிட்லர். முந்தைய ஆண்டுத் தேர்தலில் வெறும் 2.6 விழுக்காடு பெற்ற கட்சியின் தலைவர், இப்போது தொழிலதிபர்களோடும் முன்னாள் அமைச்சர்களோடும் ஒரே குழுவில் பெயர் பெற்றார். டிசம்பர் 22 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 13.8 விழுக்காடு மட்டுமே. சட்டம் தோற்றது. ஆனால் மதிப்பு என்ற ஒன்றை ஹிட்லர் கடனாகப் பெற்றுக்கொண்டார். அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

சிறைப் பிரிவை ஏற்க முடியாத பன்னிரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அந்த டிசம்பரில் கட்சியை விட்டு வெளியேறினர். லாம்பாக் அவர்களுள் ஒருவர். 1930 ஜூலையில் வெஸ்டார்பும் இருபதுக்கு மேற்பட்டோரும் பிரிந்தனர். நிதானமானவர்கள் எல்லாம் போய்விட, பாறை உண்மையிலேயே உருவாயிற்று, சிறிய பாறையாக. 1930 செப்டம்பர் தேர்தலில் தேசிய மக்கள் கட்சிக்கு 7 விழுக்காடு, 41 இடங்கள். வெளியேறியோர் தொடங்கிய பழமைவாத மக்கள் கட்சிக்கு நான்கே இடங்கள். நாஜிகளுக்கு 18.3 விழுக்காடு, 107 இடங்கள்.

இங்கே ஹூகன்பெர்கின் கணக்கு எங்கே பிழைத்தது என்பதை நாம் பார்க்கலாம். சமரசமற்ற கோபமே வாக்குகளைத் தரும் என்று அவர் நம்பினார். அது ஓரளவு சரிதான். ஆனால் கோபத்தை விற்கும் கடையில் அவரைவிடத் திறமையான வியாபாரி இருந்தார். குடியரசு துரோகிகளின் ஆட்சி, அமைச்சர்கள் சிறைக்கு உரியவர்கள் என்று ஹூகன்பெர்கின் பத்திரிகைகளை வாசித்து நம்பிய ஒருவர், அடுத்து வாக்களிக்கப் போகும்போது அறுபத்தைந்து வயதுத் தொழிலதிபரை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? அச்சொற்களைச் செயலாக்கும் வேகமுள்ளவர் பக்கத்திலேயே நின்றார். வயலை உழுது விதைத்தவர் ஒருவர், அறுவடை செய்தவர் இன்னொருவர்.

1931 அக்டோபர் 11 அன்று ஹார்ஸ் மலையடிவாரத்திலுள்ள பாட் ஹார்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் வலதுசாரி அமைப்புகள் அனைத்தும் கூடின. தேசிய மக்கள் கட்சி, எஃகுத் தலைக்கவசம் எனப்பட்ட முன்னாள் படைவீரர் சங்கம், நிலவுடைமையாளர் சங்கம், நாஜிகள் ஆகியோர் ஒரே அணி என்று உலகுக்குக் காட்டுவது நோக்கம். தன்னுடைய படையினரின் அணிவகுப்பு முடிந்ததும், அடுத்து வரவிருந்த முன்னாள் படைவீரர்களுக்காகக் காத்திராமல் ஹிட்லர் மேடையை விட்டுப் போய்விட்டார். அவமதிப்பு வெளிப்படையானது. அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் இரு தரப்பும் தனித்தனி வேட்பாளரை நிறுத்தின. முதல் சுற்றில் ஹிட்லருக்கு 30.1 விழுக்காடு, தேசிய மக்கள் கட்சி ஆதரித்த டூஸ்டர்பெர்குக்கு 6.8. யார் யாருக்குத் துணை என்பதில் இனிமேல் ஐயமில்லை. ஆயினும் ஹூகன்பெர்க் பாடம் கற்கவில்லை.

கட்சிக்குள் கற்றவர்கள் இருந்தனர். பொமரேனியாவின் பண்ணையார் எவால்ட் ஃபான் க்ளைஸ்ட்-ஷ்மென்ட்சின் பழமைவாதிகளுள் பழமைவாதி, மன்னர் பக்தர். அவர் 1932லேயே நாஜி இயக்கம் ஓர் ஆபத்து என்று பிரசுரம் எழுதினார். மதநம்பிக்கையும் மரபும் கொண்ட ஒருவனுக்கு இனத்தை வணங்கும் கூட்டத்தோடு உறவு இருக்கமுடியாது என்பதே அவர் நிலைப்பாடு. கட்சித் தலைமை அவரைக் கேட்கவில்லை.

1933 ஜனவரி 30. ஹிட்லர் அதிபர், பாப்பென் துணை அதிபர். அமைச்சரவையில் ஹிட்லரைத் தவிர நாஜிகள் இருவர் மட்டுமே. ஹூகன்பெர்குக்குப் பொருளாதாரம், வேளாண்மை ஆகிய துறைகள். ஹிட்லரைச் சட்டகத்துக்குள் அடைத்துவிட்டோம் என்பது பழமைவாதிகளின் எண்ணம். பதவியேற்புக்குச் சற்று முன், உடனே புதிய தேர்தல் வேண்டும் என்றார் ஹிட்லர். ஹூகன்பெர்க் மறுத்தார். தேர்தல் நடந்தால் நாஜிகள் வளர்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முடிவு எதுவாயினும் அமைச்சரவை மாறாது என்று ஹிட்லர் வாக்குக் கொடுத்தார். ஹூகன்பெர்க் அப்போதும் அசையவில்லை. முதிய ஹிண்டன்பர்க் உள்ளே காத்திருந்தார். குறித்த நேரம் கடந்தது. தலைவரைக் காக்கவைக்கலாகாது என்ற அவசரத்தில் விவாதம் முடிவுறாமலே எல்லோரும் உள்ளே சென்றனர். ஹிட்லர் தேர்தலைப் பெற்றார். தன் அரசியல் வாழ்வில் ஹூகன்பெர்கின் பிடிவாதத்தால் நாட்டுக்கு நன்மை விளைந்திருக்கக்கூடிய ஒரே தருணத்தில் அவர் விட்டுக்கொடுத்தார்.

மார்ச் 5 தேர்தலில் நாஜிகளுக்கு 43.9 விழுக்காடு. கறுப்பு-வெள்ளை-சிவப்புப் போரணி என்ற பெயரில் நின்ற ஹூகன்பெர்க் தரப்புக்கு 8. இரண்டையும் கூட்டினால் 51.9. அந்த எட்டு விழுக்காடு இல்லாமல் ஹிட்லருக்கு அவையில் பெரும்பான்மை இல்லை. மார்ச் 23 அன்று நாடாளுமன்றத்தின் அதிகாரத்தை அரசிடம் ஒப்படைக்கும் சட்டம் 444க்கு 94 என்று நிறைவேறியது. தேசிய மக்கள் கட்சி ஆதரவாக வாக்களித்தது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக ஜனநாயகவாதிகள் மட்டுமே. கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவிலோ இருந்தனர். அந்தச் சட்டத்துக்குப் பின் ஹிட்லருக்குக் கூட்டாளிகள் தேவைப்படவில்லை. தன்னைத் தேவையாக்கிய ஒரே பொருளைக் கட்சி தானே கையளித்துவிட்டது.

மீதிக் கதை மூன்று மாதங்களில் முடிந்தது. கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் எர்ன்ஸ்ட் ஓபர்ஃபோரன் புதிய கூட்டணியின் போக்கை ஏற்காதவர். அவருடைய இடங்கள் சோதனையிடப்பட்டன. அவர் பதவி விலகினார். மே 7 அன்று கீல் நகரில் தன் வீட்டில் குண்டுக் காயத்தோடு இறந்து கிடந்தார். ஜூனில் லண்டனில் நடந்த உலகப் பொருளாதார மாநாட்டில் ஹூகன்பெர்க் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களையும் கிழக்கில் குடியேற நிலத்தையும் கோரும் குறிப்பு ஒன்றைத் தந்து உலகைத் திடுக்கிடவைத்தார். அவ்வேளையில் சமாதான முகம் காட்ட விரும்பிய ஹிட்லர் அரசு அவரைக் கைவிட்டது. ஜூன் 21 அன்று கட்சியின் இளைஞர் படை தடைசெய்யப்பட்டது. 27ஆம் தேதி கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. ஹூகன்பெர்கும் அமைச்சர் பதவியை இழந்தார். ‘நட்பு உடன்பாடு’ என்று அதற்குப் பெயர் வைத்தனர். கைதாகியிருந்த கட்சிக்காரர்களை விடுவிப்பது அந்த நட்பின் நிபந்தனைகளுள் ஒன்று. கூட்டணிக் கட்சியின் உறுப்பினர்களே சிறையில் இருந்தனர் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

ஏன் இப்படி ஆயிற்று? அரசியலறிஞர் டேனியல் சிப்லாட் 2017இல் வெளியான நூலில் ஒரு விளக்கம் தருகிறார். பிரிட்டனின் பழமைவாதிகள் வாக்குரிமை விரிவதற்கேற்பத் தொண்டர் அமைப்பையும் தேர்தல் இயந்திரத்தையும் வளர்த்துக்கொண்டனர். அதனால் தேர்தல் அவர்களை அச்சுறுத்தவில்லை. தீவிரவாதிகளை அடக்கிவைக்கவும் முடிந்தது. ஜெர்மானியப் பழமைவாதிகளோ நிலப்பிரபுவின் அதிகாரத்தையும் வெளிச்சங்கங்களின் பலத்தையும் நம்பியே காலம் கழித்தனர். தனக்கென உறுதியான உடல் இல்லாத கட்சியைப் பணமும் பத்திரிகையும் உள்ள ஒருவர் எளிதில் கைப்பற்றினார். இவ்விளக்கம் நமக்கு ஏற்புடையதாகவே தோன்றுகிறது. ஆனால் அமைப்பு மட்டும் போதுமா என்ற கேள்வியும் எழுகிறது. ஒரே கட்சியிலிருந்து வந்தவர்கள் வேறுவேறு முடிவெடுத்தனர். லைப்சிக் மேயர் கார்ல் கோர்டலர் 1931 வரை இக்கட்சியில் இருந்தவர். 1944 ஜூலைச் சதியில் பங்கேற்று 1945 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். க்ளைஸ்ட்-ஷ்மென்ட்சின் அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று கொல்லப்பட்டார். இக்கட்சியைச் சேர்ந்த ஃப்ரான்ஸ் கியுர்ட்னரோ 1941இல் இறக்கும்வரை ஹிட்லரின் நீதியமைச்சராகவே இருந்தார். ஹூகன்பெர்க் 1945 வரை நாஜி நாடாளுமன்றத்தில் ஓர் ஓரத்தில் அமர்ந்திருந்து, 1951இல் தன் படுக்கையில் இறந்தார். மரபைக் காப்பது என்றால் எதைக் காப்பது என்ற கேள்விக்கு அவர்கள் ஒவ்வொருவரும் தந்த விடை வேறு. சட்டம், மனசாட்சி, பிறன் உயிர் என்று சிலர் விடை சொன்னார்கள். பதவி, நிலம், கொடி என்று சிலர்.

அந்தக் கொடியின் கதையையும் சொல்லி முடிப்போம். பதினான்கு ஆண்டுகளாகக் கட்சி கேட்ட கறுப்பு-வெள்ளை-சிவப்பு 1933 மார்ச்சில் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது. ஸ்வஸ்திகக் கொடிக்கு அருகில் அது பறந்தது. அதை ஏந்தி வந்த கட்சி ஜூனில் இல்லாமற்போயிற்று. 1935 செப்டம்பர் 15 அன்று, யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்களோடு கொடிச் சட்டம் ஒன்றும் நிறைவேறியது. அன்று முதல் ஸ்வஸ்திகம் மட்டுமே நாட்டின் கொடி.